கேபிளுக்குள் ஒரு டிராபிக் ஏட்டு

எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கலைக்கக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் டிராபிக் என்ற ஒன்றை மனதாரக் காதலித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் திருவொற்றியூரில், என் ஆபீஸில், எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் காதலித்த டிராபிக் ரோட்டில் ஓடவில்லை. சுவரோரமாகப் போன நீல நிற கேபிளுக்குள் ஓடியது.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளச் சீட்டில் அச்சடித்துக்கூடத் தந்தார்கள். நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்கு அவர் ஏட்டு.

அந்தப் பெயரை வைத்தவர்கள் லாரி டிரைவர்கள். எங்களுடையது ஏற்றுமதி ஏஜென்சி. மற்றவர்களின் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து கப்பலேற்றி அனுப்புவது பிழைப்பு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாடியில் ஆபீஸ், அந்தப் பக்கம் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டு. புதிதாக வந்த ஒரு டிரைவர் டீக்கடையில் இவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க, இவர் உள்ளதை உள்ளபடி, “டிராபிக் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து லாரிகள் அவருக்கு வழிவிட்டன. சிக்னலில் மாட்டிய டிரைவர் ஒருவர் லைசென்ஸை மீட்டுத் தரச் சொல்லி அவரிடம் வந்து நின்றார். ஏட்டு அவரை உட்காரவைத்து, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தகவல் எப்படிப் போகிறது என்பதை ஆதியிலிருந்து விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு வெளியே போன டிரைவர், “பெரிய எடத்து ஆளு மாமு, பேச்சே புரியல” என்று மற்றவர்களிடம் சொன்னாராம். மரியாதை இன்னும் கூடியது.

வியாசர்பாடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வழியில் லாரிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டாலும் முகம் சுளிக்க மாட்டார். அந்த டிராபிக் அவர் டிபார்ட்மெண்ட் இல்லை. அவர் டிபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் இருந்த சின்ன ஆண்டெனா. நாங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு பத்திரமும் அந்த ஆண்டெனா வழியாக ரோட்டைத் தாண்டிப் போய், யார்டில் இருந்த சர்வரில் விழ வேண்டும். கீழே ரோட்டில் எது நகராவிட்டாலும் மேலே இது நகர்ந்தாக வேண்டும். நகர்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். யார் எவ்வளவு அனுப்புகிறோம் என்று பார்ப்பதை அவராகச் சேர்த்துக்கொண்டார்.

நான் சேர்ந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஹப் என்ற ஒரு பழைய இணைப்புப் பெட்டியில் மாட்டியிருந்தார்கள். எந்தச் சாமானும் தானாகச் செத்தால்தான் மாற்றுவது என்பது எங்கள் முதலாளி அண்ணாச்சியின் கொள்கை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தை நம்பித் தொழில் கட்டியவர். அந்த ஹப் எப்படி என்றால், காசிமேட்டு மீன் ஏலம் மாதிரி. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். யார் என்ன அனுப்பினாலும் ஏட்டின் வாசலுக்கும் வந்துவிட்டுப் போகும். எல்லோருக்கும் எல்லாம் மெதுவாக நடந்தது. அவர் ஒருவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் ஹப் செத்தது. அண்ணாச்சி மனசில்லாமல் அதன் இடத்தில் ஸ்விட்ச் என்ற புதுப் பெட்டி வாங்கினார். ஸ்விட்ச் கண்ணியமான பிறவி. உனக்கு வந்ததை உன்னிடம் மட்டும் கொடுக்கும், அடுத்தவர் காதில் போடாது. ஆபீஸே வேகம் எடுத்தது. நாங்கள் கேக் வெட்டினோம். ஏட்டு லீவு போட்டார். திரும்பி வந்தவர் கண்ணில் ஆபரேஷன் ஆனவர் போல் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். தன் கம்ப்யூட்டரில் தன்னைத் தவிர யாரும் தெரியவில்லை என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

பிறகு அவரே படித்துக் கண்டுபிடித்தார். ஸ்விட்சில் ஒவ்வொரு கேபிள் செருகும் ஓட்டைக்கும் போர்ட் என்று பெயர். எந்தப் போர்ட் வழியாக எவ்வளவு போகிறது என்று ஸ்விட்சே கணக்கு வைத்திருக்கும். கேட்டால் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டுத் திரையில் ஆளுக்கொரு கோடு போட்டுவிட்டார். என் பெயரில் ஒன்று பச்சை நிறத்தில் ஓடியது. நான் என்ன செய்தாலும் அது எழும், படுக்கும்.

அன்றிலிருந்து ஆபீஸில் நிம்மதி போயிற்று. பத்திரம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்கும்.

“இன்னா மேடம், காத்தாலேர்ந்து உங்க கோடு எகிறிகினு கீது. கலர்ல ஸ்கேன் பண்றீங்களா?”

லைனை அடைக்கும் கலர் ஸ்கேன் அவரைப் பொறுத்தவரை ஒழுக்கக் கேடு. கறுப்பு வெள்ளையில் தெரியாத எதையும் மனிதன் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. கணக்குப் பிரிவில் இருந்த ஒருவரின் கோடு மட்டும் அசையாமல் தரையோடு கிடந்தது. இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஏட்டு எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சியிடம் பேசி அவருக்கு ஒரு பாராட்டுக்கூட வாங்கித் தந்தார். பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதரின் கேபிளை எலி கடித்துப் பல நாளாகிவிட்டது. அவர் அதைச் சொல்லாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய கூத்து ஒருமுறை நடந்தது. பரபரப்பான ஒரு காலையில் ஏட்டு தன் இடத்திலிருந்தே “போர்ட் டவுன்” என்று சொன்னார். அந்த வழியாகப் போன அண்ணாச்சி காதில் அது விழுந்தது. கப்பல் தொழிலில் இருப்பவருக்கு போர்ட் என்றால் துறைமுகம். அவர் உடனே யார்டுக்குப் போன் போட்டு லாரிகளை நிறுத்தச் சொன்னார். யார்டு மற்ற யார்டுகளுக்குச் சொன்னது. துறைமுகம் மூடிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டு லாரிகளைத் திருப்ப ஆரம்பித்தபோது, இங்கே ஏட்டு மேஜைக்கு அடியில் குனிந்து, கழன்றிருந்த ஒரு கேபிளைச் செருகிவிட்டு, “அப்” என்றார்.

இப்படியே போயிருக்கும். ஸ்விட்சுக்கு இன்னொரு வித்தை தெரியும் என்று அவர் கண்டுபிடித்ததில்தான் வினை வந்தது. எல்லாப் போர்ட்டிலும் போவதை ஒரு நகல் எடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பு என்று கட்டளையிட்டால் அது செய்யுமாம். ஏட்டு கட்டளையிட்டார். ஹப் காலத்துச் சந்தோஷம் முகத்துக்குத் திரும்பியது. பார்த்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்று அத்தனை நகலையும் சேமித்து வைக்கவும் ஆரம்பித்தார்.

சரியாக அந்தச் சமயத்தில் ஆபீஸ் மெதுவாகத் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு ஒரு பத்திரம் யார்டுக்குப் போவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஆனது. ஏட்டு உஷாரானார். யாரோ லைனைத் தின்கிறார்கள் என்று அண்ணாச்சியிடம் புகார் செய்தார். இன்னும் கூர்மையாகப் பார்த்தார், இன்னும் நிறையச் சேமித்தார். ஆபீஸ் இன்னும் மெதுவானது.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணூர்ப் பக்கத்து இறால் கம்பெனிக்காரர் ஒருவரின் கண்டெய்னர்கள் போக வேண்டியிருந்தன. உறைய வைத்த இறால். கப்பலுக்குக் கதவு சாத்துவதற்குள் காகிதம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நாங்கள் அனுப்பினோம். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கப்பல் கதவைச் சாத்திவிட்டது. இறால் யார்டிலேயே நின்றது. இறால்காரர் அண்ணாச்சியிடம் போனில் பேசியது கதவு மூடிய அறைக்கு வெளியேயும் கேட்டது.

போனை வைத்துவிட்டு வெளியே வந்த அண்ணாச்சி நேராக ஸ்டெல்லாவின் நாற்காலியைப் பார்த்தார்.

ஸ்டெல்லா எனக்குப் பக்கத்து சீட். ராயபுரத்துப் பெண். அவள் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். கப்பல் கரையை நெருங்கி சிக்னல் கிடைக்கும் நாட்களில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வீடியோவில் பேசிக்கொள்வார்கள். சுற்றிலும் கண்டெய்னர் சுவர்கள் இருந்ததால் எங்கள் ஆபீஸில் போன் சிக்னல் வராது. ஒருமுறை அண்ணாச்சி எதற்கோ வெளியே வந்தபோது, அவள் திரையில் ஒரு ஆண் முகம் சிரித்துக்கொண்டிருந்ததையும் பின்னால் கடல் ஆடிக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரிகள் அன்றைக்கே சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஏட்டைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கும்படியே சொன்னார்.

“சாயங்காலத்துக்குள்ள ஆளு யாருன்னு எனக்குத் தெரியணும்வே. யாரா இருந்தாலும் சரி, பொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்.”

சொல்லும்போதும் பார்வை ஸ்டெல்லா பக்கமே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாடகை வீடு, கணவருக்கு இந்தப் பயணத்துக்குப் பிறகு வேலை உண்டா இல்லையா என்று தெரியாத நிலை, எல்லாம் எனக்குத் தெரியும். பேசியது உண்மைதானே, கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மெதுவாகச் சொன்னாள். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் மாதா படத்தையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏட்டுக்கு எல்லோருடைய கோடும் தெரியும். அவளுடைய மத்தியானக் கோடு மட்டும் தெரியாமல் இருக்குமா?

ஏட்டு திரையின் முன் உட்கார்ந்தார். ஒரு கோடும் சந்தேகப்படும்படி எழவில்லை. ஆனால் யார்டுக்குப் போகும் வழி மட்டும் நிரம்பி வழிந்தது. எல்லோரும் போட்டதைக் கூட்டினாலும் அவ்வளவு வரவில்லை. கோடே போடாத ஒரு போர்ட் எங்கோ இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார். பச்சை விளக்குகள் எல்லாம் நிதானமாகக் கண் சிமிட்டின. ஒன்று மட்டும் பேய் பிடித்தது போல் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கேபிள் யாருடையது என்று தெரியவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் எண் ஒட்டிய சீட்டுகளை எல்லாம் உரித்துப் போட்டிருந்தார்கள். ஏட்டு அசரவில்லை. கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே கிளம்பினார்.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டு, தவழ்ந்துகொண்டே ஒரு கேபிளைத் தடவிப் போகிறார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி நடக்கிறார். கேபிள் கணக்குப் பிரிவுக்கு அடியில் போனது. அங்கே எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அது தங்களைத் தாண்டிப் போனதும் காலைக் கீழே வைத்து மூச்சுவிட்டார்கள். பீரோவுக்குப் பின்னால் நுழைந்தது. எங்கள் வரிசைக்குள் திரும்பியது. என் நாற்காலிக்கு அடியில் வந்தது. அடுத்தது ஸ்டெல்லா. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி நின்றுவிட்டார், இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்பது போல.

கேபிள் அங்கே நிற்கவில்லை. ஸ்டெல்லாவின் மேஜையைத் தாண்டி, சுவரோரம் போய், மூலை மேஜைக்கு அடியில் நுழைந்தது. ஏட்டும் நுழைந்தார். வெளியே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

அவை வெகுநேரம் அசையவில்லை. என்னவோ ஆகிவிட்டது என்று நான் எழுந்தே விட்டேன். பிறகு மெதுவாகப் பின்பக்கமாகவே வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஆளு கெடச்சிட்டான்.”

“யாருவே?”

“நாந்தான்.”

அது அவருடைய மேஜை. திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று சமீபத்தில்தான் மூலைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். அப்போது கைக்குக் கிடைத்த ஓட்டையில் கேபிளைச் செருகியிருக்கிறார். எல்லோருக்கும் கோடு போட்டவர் தனக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளவில்லை. ஏட்டு தன்னையே நிறுத்தி லைசென்ஸ் கேட்பாரா?

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. ஏட்டு விளக்கினார். சேமிக்கத் தன் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் நகல்களை யார்டு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவை போகவும் அதே வழிதான். அவை போவதை ஸ்விட்ச் பார்த்தது. இதுவும் டிராபிக்தானே என்று அதற்கும் ஒரு நகல் எடுத்து அவரிடமே கொடுத்தது. அதையும் அவர் சேமித்தார்.

“நா எல்லாத்தயும் எய்தி வெக்கறேன் அண்ணாச்சி. நா எய்தறத அது பாத்து எங்கைலயே குடுக்குது. அத்தயும் நா எய்தறேன். அப்பால அத்தயும் குடுக்குது. எறா போவ எங்க வழி கீது?”

அண்ணாச்சி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். “அப்போ நீரு சும்மா உக்காந்திருந்தா எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கும். அப்படித்தான?”

“ஆமா அண்ணாச்சி.”

சொன்னதோடு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். ஆளை வீட்டுக்கு அனுப்புவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார், ஆள் கிடைத்தாயிற்று, வீட்டுக்குப் போகிறான். அவர் முகத்தில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. திருடனைப் பிடித்துவிட்ட திருப்திகூடத் தெரிந்தது.

ஆனால் அண்ணாச்சிக்குத் தான் நினைத்தது நடக்கவில்லையே என்ற உறுத்தல் இருந்தது போலும். ஸ்டெல்லா பக்கம் தலையை ஆட்டினார்.

“சரி, அந்த மத்தியான வீடியோ? அதுவும் இதே வழியாத்தான ஓடுது? அத நீரு பாக்கலயா?”

ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டாள். ஏட்டு அவளைப் பார்க்கவில்லை.

“மத்தியானம் நா பாக்க மாட்டேன் அண்ணாச்சி. ஏட்டும் சாப்புடணும் இல்ல.”

அந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், அவர் திரையைப் பார்க்காமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கோடுகளை எண்ணுவார். சாம்பார் சிந்தி அவர் கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் அழிந்தே போயிருந்தன. யாருடைய கோடு எப்போது எழுந்தாலும் மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் மனிதர், அன்றைக்கு எங்கள் எல்லோர் முன்னிலையிலும் நிதானமாக ஒரு பொய் சொன்னார். அண்ணாச்சிக்கும் அது தெரியும். அவர் ஏட்டை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அட்டையை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“நல்லாச் சாப்பிடும்வே. மொதல்ல அந்தக் கேபிளப் புடுங்கும்.”

பிடுங்கினார். அடுத்த நொடி எங்கள் திரைகளில் சுற்றிக்கொண்டிருந்த வட்டங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. இறால் அடுத்த கப்பலில் போயிற்று. அண்ணாச்சியே எண்ணூர் வரைக்கும் போய் இறால்காரரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார்.

ஸ்டெல்லா கைப்பையைத் திறந்து மாதா படத்தை மறுபடி மேஜையில் வைத்தாள். மறுநாள் வஞ்சிர மீன் வறுத்து எடுத்துவந்து ஏட்டின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

தண்டனை இல்லாமல் விட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தன் பெயருக்குத் தானே ஒரு எச்சரிக்கை மெயில் அனுப்பிக்கொண்டார், எங்கள் எல்லோருக்கும் காப்பியோடு. அரைமணி நேரத்தில் அதற்குத் தானே பதிலும் எழுதினார். நடந்ததற்கு வருந்துவதாகவும் இனி நடக்காது என்றும் இருந்தது. அதற்கும் எங்கள் எல்லோருக்கும் காப்பி. திரையில் எல்லோருக்கும் மேலே சிவப்பில் தன் பெயரில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஸ்டெல்லாவின் வீடியோ ஒருநாளும் நடுவில் உறையவில்லை. முகம் அவ்வளவு தெளிவாக வந்தது. அந்த நேரத்தில் அதே லைனைப் பங்குபோடும் யார்டு கேமராப் படம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதாக யார்டிலிருந்து புகார் வந்தது. ஏட்டு நேரில் போய் விசாரித்தார். கடல் காற்று என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அது அவருடைய இரண்டாவது பொய். மூன்றாவது இருந்ததாகத் தகவல் இல்லை.

நான் சில வருஷங்களுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டேன். பி.எஃப். காகிதத்தில் கையெழுத்துக்காக ஒருநாள் போக வேண்டியிருந்தது. ஏட்டு அதே மூலையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. நானும் திரையைப் பார்த்தேன். கீழ்ப்பக்கத்தில் சில கோடுகள் துளியும் அசையாமல் படுத்திருந்தன. துபாய்க்குப் போன ஒரு பையனின் பெயர், ரிட்டயரான கேஷியரின் பெயர், அவற்றுக்கு நடுவே என் பெயர். இன்னும் ஏன் இதெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன்.

“எடுக்க மனசு வரல மேடம்,” என்றார். “சொம்மா ஓரமா கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

வேறு யாராவது இத்தனை வருஷம் என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தால் நேராகப் போலீஸுக்குப் போயிருப்பேன். இவர் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே கவலை, என்றைக்காவது அந்தக் கோட்டை அழித்துவிடுவாரோ என்பதுதான்.